இரவுக்கும் ஒரு பாடவேளை

(அறிவியல் ஆசிரியர்களுக்கான மாவட்ட அளவிலான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகான அமர்வு என்பதால் பலருக்கும் கண்ணைச் சொக்கும் நேரம் இது. அந்த நேரத்தில் என்னை இரவைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். தூக்கம் வந்தாலும் தலைப்புக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும் என்பதால் நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் பேரண்டமும் சூரியக் குடும்பமும் பாடமாக வருகின்றன. எட்டாம் வகுப்பு அறிவியலில் அண்டமும் விண்வெளியும் வருகின்றன. பத்தாம் வகுப்பில் ஒளியியல். இந்தப் பாடங்களுக்கெல்லாம் ஒரு பெரிய ஆய்வகம் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. வாடகை இல்லை, உபகரணப் பட்டியல் இல்லை, இருப்புப் பதிவேடு இல்லை. ஒரே சிக்கல், அந்த ஆய்வகம் திறப்பது மாலை ஆறரை மணிக்கு. அப்போது நம் பள்ளிகள் பூட்டியிருக்கின்றன.

கைபேசியால் இரவைப் படமெடுப்பதன் மூலம் இந்தப் பாடங்களை எப்படி நடத்தலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். இரவு என்றால் வானம் மட்டும் இல்லை. பேருந்து நிலையம், கடைத்தெரு, கோயில் கோபுரம், தெருவிளக்கு எல்லாம் சேர்ந்ததுதான் இரவு. விண்மீனைப் படமெடுக்கப் போகும் மாணவர், தன் தெருவின் விளக்கைப் பற்றி யோசித்துக்கொண்டு திரும்புவார். என் வகுப்பில் அப்படித்தான் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கேமரா என்னும் குடம்

முதலில் அடிப்படை. நம் கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் விழும் ஒளியைக் கொண்டு ஒரு காட்சியை உருவாக்கிவிட்டு, அடுத்த காட்சிக்குப் போய்விடும். எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் மங்கலான விண்மீன் கூடிக்கொண்டே போய்ப் பிரகாசமாகாது. கேமரா அப்படி இல்லை. அது குடம் போன்றது. சொட்டுச் சொட்டாக வரும் குழாயின் கீழ் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தால் நிறையும் அல்லவா? அதேபோல, திறந்து வைத்திருக்கும் நேரமெல்லாம் கேமரா ஒளியைச் சேர்க்கும்.

இந்தக் குடத்துக்கு மூன்று கணக்குகள் உண்டு. குடத்தின் வாய் எவ்வளவு அகலம்? அது லென்ஸின் திறப்பு. எவ்வளவு நேரம் குழாயடியில் வைக்கிறோம்? அது ஷட்டர் நேரம். சேர்ந்ததை எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டுகிறோம்? அது ஐஎஸ்ஓ. பெரும்பாலான கைபேசிகளில் வாய் அகலத்தை மாற்ற முடியாது. எனவே நமக்கு இரண்டே கணக்குகள்தான் மிச்சம். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படம் பிரகாசமாகும், ஆனால் புள்ளிப்புள்ளியாக இரைச்சலும் கூடும். வகுப்பில் ரேடியோ ஒலியைக் கூட்டினால் பாட்டோடு கரகரப்பும் கூடும் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

இந்தக் காத்திருப்பின் வரலாற்றைக் கதையாகச் சொல்லலாம். 1840இல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலாவைப் படமெடுத்தார். வெள்ளி பூசிய தகட்டில் அந்தப் படம் பதிய ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆயின. 1850இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் வேகா என்ற விண்மீனைப் படமெடுத்தார்கள். சூரியனைத் தவிர வேறொரு விண்மீனுக்குக் கிடைத்த முதல் படம் அது. 1880இல் டிரேப்பரின் மகன் ஹென்றி டிரேப்பர், ஓரியன் நெபுலாவை 51 நிமிடங்கள் காத்திருந்து படமெடுத்தார். மூன்றே ஆண்டுகளில், 1883இல், இங்கிலாந்தின் ஆண்ட்ரூ காமன் அதே நெபுலாவை எடுத்த படத்தில், அதே தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தால் தெரியாத விண்மீன்களும் பதிந்திருந்தன. கண்ணை விட அதிகம் பார்க்கும் கருவி மனிதன் கைக்கு வந்தது அந்த ஆண்டில்தான். இன்று அந்த நெபுலாவை நம் கைபேசி 15 நொடியில் ஒரு சிறு புகைத் திட்டாகக் காட்டிவிடுகிறது.

என்னென்ன வேண்டும்?

மாணவர்கள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவர அனுமதி இல்லை. அது தேவையும் இல்லை. ஆசிரியரின் கைபேசி ஒன்று போதும். வீட்டில் செய்யும் பயிற்சிக்குப் பெற்றோரின் கைபேசியைப் பெற்றோர் முன்னிலையில் பயன்படுத்தட்டும்.

கேமரா செயலியில் ‘ப்ரோ’ என்ற பிரிவு இருக்கிறதா பாருங்கள். பல கைபேசிகளில் உண்டு. அதில் ஷட்டர் நேரம், ஐஎஸ்ஓ, குவியம் மூன்றையும் நாமே அமைக்கலாம். குவியத்தில் மலைப் படம் போட்டிருக்கும் முனைக்கு நகர்த்தினால் தொலைவுக் குவியம் கிடைக்கும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். விண்மீனுக்கு நம் ஃபிளாஷ் போய்ச் சேராது!

அடுத்து, கைபேசி அசையவே கூடாது. மூன்றுகால் தாங்கி இருந்தால் நல்லது. இல்லையென்றால் இரண்டு செங்கல்லும் ஒரு சிறிய மணல் பையும் போதும். பையில் குழி செய்து கைபேசியைச் சாய்த்து வையுங்கள். பொத்தானைத் தொட்டாலே அசையும் என்பதால் டைமரை 3 நொடியோ 10 நொடியோ வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

முதலில் ஊர், பிறகு வானம்

வானத்துக்கு உடனே போக வேண்டாம். ஊரில் தொடங்குங்கள். சூரியன் மறைந்த பிறகு அரை மணி நேரம் வரை வானத்தில் கரு நீலம் தங்கியிருக்கும். விளக்குகளும் எரியத் தொடங்கியிருக்கும். ஊரைப் படமெடுக்க இதுவே நல்ல நேரம். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. ஆகவே அந்தி நம் ஊரில் சீக்கிரம் முடிந்துவிடும். ஐரோப்பாவில் கோடையில் அந்தி நீண்டு கிடக்கும். ஏன் என்று கேளுங்கள். புவியியல் ஆசிரியருக்கு ஒரு பாடவேளை கிடைத்துவிடும்.

ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 4 நொடி வைத்துச் சாலையைப் படமெடுங்கள். பேருந்து காணாமல் போய், அதன் விளக்குகள் மட்டும் வெள்ளைக் கோடாகவும் சிவப்புக் கோடாகவும் பதியும். 4 நொடியில் அந்தக் கோடு எந்தக் கடையிலிருந்து எந்தக் கடை வரை நீண்டிருக்கிறது? மறுநாள் அந்தத் தொலைவை அளந்து 4ஆல் வகுத்தால் வேகம். வேகம் சமம் தொலைவின் கீழ் காலம் என்று நாம் கரும்பலகையில் எழுதுவது, அந்த மாணவருக்கு அன்றுதான் ஊருக்குள் வந்து சேரும்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஷட்டரை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்காக வைத்துக்கொண்டு, தெருவிளக்கைப் பார்த்தபடி கைபேசியைப் பக்கவாட்டில் வேகமாக வீசிப் படமெடுங்கள். கைபேசியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்! விளக்கு ஒரு கோடாகப் பதிய வேண்டும். ஆனால் பல விளக்குகள் விட்டுவிட்டு வரும் துண்டுகளாகப் பதியும். எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ பத்துத் துண்டுகள். நம் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றில் இரண்டு முறை உச்சத்துக்குப் போவதால் விளக்கு நொடிக்கு 100 முறை பிரகாசமாகி மங்குகிறது. பத்தில் ஒரு பங்கு நொடியில் பத்து முறை. சில எல்.இ.டி. விளக்குகளில் மின்னோட்டத்தைச் சீராக்கும் சுற்று இருப்பதால் துண்டு விழாது. பேட்டரியில் எரியும் சாதாரண டார்ச்சும் பெரும்பாலும் தொடர் கோடாகவே பதியும். எந்த விளக்கு எப்படி என்று தெருத்தெருவாகப் பட்டியல் போடச் சொல்லுங்கள். மாறுதிசை மின்னோட்டத்தை ஒரு குழந்தை கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகைத் திருநாளை விட்டுவிடாதீர்கள். வரிசையாக வைத்த அகல் விளக்குகளைத் தெருவிளக்கு இல்லாத திண்ணையில் படமெடுக்கச் சொல்லுங்கள். ஒரு அகலின் ஒளி முகத்துக்கு எவ்வளவு போதுமானதாக இருக்கிறது என்று தெரியும். அன்றிரவு முழுநிலா கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்கு அருகில் நிற்கும். அந்த மாதத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான் என்பதைப் பிள்ளைகள் மேலே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நிலாவைப் படமெடுத்தால் வெள்ளைத் தட்டாகத்தான் வருகிறது என்று பலரும் சொல்வார்கள். நிலா என்பது நண்பகல் வெயில் படும் பாறை. சுற்றிலும் இருட்டாக இருப்பதால் கேமரா ஏமாந்து அதிக நேரம் திறந்துவிடுகிறது. வெயிலில் நிற்கும் பொருளை எடுப்பதுபோல, ஐஎஸ்ஓவைக் குறைத்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ வைத்தால் நிலாவின் கறைகள் தெரியும்.

விண்மீன்களைப் பதிவுசெய்தல்

தொடங்க நல்ல காலம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள். நிலா இல்லாத நாளாகத் தேர்ந்துகொள்ளுங்கள். மார்கழியில் மாலை 7 மணிக்குக் கிழக்கே பார்த்தால் ஓரியன் எழுந்து வந்திருக்கும். இடுப்பில் வரிசையாக மூன்று விண்மீன்கள், நான்கு மூலைகளில் நான்கு. அந்த மூன்றை அடையாளம் காட்டினால் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தைகூட மறக்காது.

ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 15 நொடி. இதற்கு ஒரு கணக்கு உண்டு. 500ஐ லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால், விண்மீன் கோடாக இழுபடாமல் புள்ளியாகப் பதியும் நேரம் நொடியில் கிடைக்கும். கைபேசியின் முதன்மை லென்ஸ் பொதுவாக 26 மி.மீ. லென்ஸுக்கு ஈடானது. 500ஐ 26ஆல் வகுத்தால் 19. ஆகவே 15 நொடி பாதுகாப்பானது. அதற்கு மேல் போனால் ஏன் கோடு விழுகிறது? விண்மீன் நகர்வதால் அல்ல, பூமி சுழல்வதால். 24 மணிக்கு 360 பாகை என்றால் 1 மணிக்கு 15 பாகை, 4 நிமிடத்துக்கு 1 பாகை. வகுப்பறையில் மனப்பாடமாகச் சொல்லும் இந்தக் கணக்கு, படத்தில் ஒரு சிறு கீறலாக வந்து நிற்கும்.

மூன்று பயிற்சிகளைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. ஒரு பனைமரத்தையோ குடிநீர்த் தொட்டியையோ சட்டகத்தின் கீழே வைத்து 7 மணிக்கும் 8 மணிக்கும் ஒரே இடத்திலிருந்து ஓரியனை எடுங்கள். இடைப்பட்ட உயரத்தைக் கையால் அளக்கச் சொல்லுங்கள். நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறத்தாழ 10 பாகை. ஒன்றரை முட்டி நகர்ந்திருக்கும். அதே 7 மணிக்குப் பதினைந்து நாள் கழித்து எடுத்தால் இன்னும் ஒன்றரை முட்டி மேலே இருக்கும். விண்மீன்கள் நாள்தோறும் 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. முதல் படம் பூமியின் சுழற்சிக்குச் சான்று, இரண்டாவது பூமி சூரியனைச் சுற்றுவதற்குச் சான்று.

இரண்டு. குவியத்தைக் கொஞ்சம் கலைத்துவிட்டு ஓரியனை எடுங்கள். விண்மீன்கள் சிறு வட்டுகளாக விரிந்து நிறம் காட்டும். ஒரு மூலையில் திருவாதிரை செம்மஞ்சளாக இருக்கும். எதிர் மூலையில் ரைஜல் நீல வெண்மையாக இருக்கும். கொல்லர் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு வெளுப்பதைப் பார்த்த பிள்ளைக்கு, எது அதிகச் சூடு என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்று. வடக்கே துருவ விண்மீனைத் தேடுங்கள். அடிவானத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ நம் ஊரின் அட்சரேகைக்குச் சமம். சென்னையில் 13 பாகை, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. இரண்டு மாவட்ட ஆசிரியர்கள் படங்களைப் பரிமாறிக்கொண்டால், பூமி உருண்டை என்பதற்கு நம் பிள்ளைகளே சாட்சி.

இன்னொன்று வரலாற்று ஆசிரியருக்கு. இடுப்பு விண்மீன்களுக்குக் கீழே தெரியும் புகைத் திட்டுதான் ஓரியன் நெபுலா. ஏறத்தாழ 1,300 ஒளி ஆண்டு தொலைவில் இருக்கிறது. காஞ்சியில் கைலாசநாதர் கோயில் எழும்பிய பல்லவர் காலத்தில் புறப்பட்ட ஒளி, இன்றுதான் நம் கைபேசிக்குள் வந்து விழுகிறது.

வாசல் விளக்கு

இப்போது என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரே இரவில், ஒரே கைபேசியில், ஒரே அமைப்பில், ஓரியனை இரண்டு இடங்களில் எடுக்கச் சொன்னேன். ஒன்று பள்ளி வாசல். மற்றது ஊருக்கு வெளியே ஏரிக்கரை. ஏரிக்கரைப் படத்தில் நெபுலாவும் அதைச் சுற்றிலும் எண்ண முடியாத பொடி விண்மீன்களும் இருந்தன. வாசல் படத்தில் வானம் முழுக்கச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றியதுபோல் வெள்ளை. ஓரியனின் ஏழு விண்மீன்களைத் தவிர வேறு எதுவும் தேறவில்லை. இரண்டையும் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் திரையிட்டேன்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்தது. வாசலுக்கு எதிரே கம்பத்தில் புதிதாகப் போட்டிருந்த பெரிய வெள்ளை எல்.இ.டி. விளக்கு. ஒரு மாணவன் எழுந்து, “டீச்சர், அந்த லைட்டை அணைக்கச் சொல்லிடலாம்” என்றான். பலரும் தலையாட்டினார்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கடைசி வரிசையிலிருந்து, “அணைச்சிட்டா நான் டியூஷன் முடிஞ்சு எப்படி வீட்டுக்குப் போறது?” என்று கேட்டாள்.

வகுப்பு அமைதியானது. அவள் கேட்டது நியாயமான கேள்வி. பெண் பிள்ளைகளுக்கு இரவு வெளிச்சம் என்பது அழகு பற்றிய விஷயம் இல்லை. விண்மீனுக்காக அவளுடைய பாதையை இருட்டாக்கும் உரிமை யாருக்கும் இல்லை. அதே நேரம், வானத்தைப் பார்க்கும் உரிமை அவளுக்கும் உண்டு.

“சரி, இத்தனை நாள் மேலே படமெடுத்தோம். இன்றைக்குக் கீழே எடுப்போம்” என்றேன். அன்று மாலை அவளுடைய பெற்றோருடன் சேர்ந்து அவள் நடக்கும் பாதையைப் படமெடுத்தோம். ஐஎஸ்ஓவும் நேரமும் எல்லாப் படத்துக்கும் ஒன்றே. விளக்குக்கு நேர் கீழே தரை வெள்ளை வெளேரென்று இருந்தது. எதிர் மாடிச் சுவர் பளிச்சென்று இருந்தது. தென்னை மரத்தின் உச்சிக் குருத்துவரை தெரிந்தது. ஆனால் அந்தப் பெண் திரும்ப வேண்டிய வளைவு மட்டும் இருட்டாக இருந்தது. விளக்கைக் கிட்டத்தட்ட கிடைமட்டமாகச் சாய்த்துப் பொருத்தியிருந்தார்கள். மேலே போன ஒளி வானத்தைக் கெடுத்தது, பக்கத்தில் போன ஒளி கண்ணைக் கூசியது, பாதைக்குப் போதவில்லை.

கண் கூசுவதற்கும் அறிவியல் இருக்கிறது. இருட்டில் நம் கண்மணியின் துளை 7 மி.மீ. அளவுக்கு விரியும். பிரகாசமான விளக்கு எதிரே இருந்தால் 2 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். பரப்பில் இது பன்னிரண்டு மடங்கு வேறுபாடு. ஆகவே கண்ணுக்கு நேரே எரியும் விளக்கு, அதற்குப் பின்னால் நிற்கும் ஆளையே மறைத்துவிடும். வெளிச்சம் அதிகமானால் பாதுகாப்பும் அதிகமாகும் என்று நாம் நினைப்பது எப்போதும் சரியாக இருப்பதில்லை.

பிள்ளைகள் நான்கு படங்களை இணைத்து ஒரு மனு எழுதினார்கள். பள்ளி மேலாண்மைக் குழு வழியாக ஊராட்சிக்குக் கொடுத்தோம். கோரிக்கை ஒரே வரி: விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி, வளைவின் பக்கம் அமைத்துத் தர வேண்டும். சில வாரங்களில் மின்பணியாளர் வந்தார். “இதுக்கா மனு எழுதினீங்க, கூப்பிட்டுச் சொல்லியிருந்தா வந்திருப்பேனே” என்று சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினார். புது விளக்கு இல்லை, கூடுதல் செலவும் இல்லை.

அன்றிரவு மறுபடி படமெடுத்தோம். வாசலில் இருந்த கூச்சம் போய்விட்டது. ஓரியனைச் சுற்றிச் சில விண்மீன்கள் கூடுதலாக வந்தன. ஏரிக்கரை அளவுக்கு வரவில்லை, ஏனென்றால் பக்கத்து நகரத்தின் ஒளி கிழக்கு வானத்தில் அப்படியேதான் இருக்கிறது. ஒரு விளக்கைத் திருப்பினால் ஒரு விளக்கின் அளவுக்குத்தான் பலன். அந்த மாணவி வளைவில் நின்று தரையைப் படமெடுத்துவிட்டு வந்து சொன்னாள்: “இப்ப என் நிழல் அங்க விழுது டீச்சர்.” நிழல் விழுந்தால் ஒளி வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்ற பாடத்துக்கு நான் அதுவரை கேட்ட விடைகளில் சிறந்தது அதுதான்.

நம் ஊரோடு முடியாத கதை

இது ஒரு பள்ளி வாசலின் சிக்கல் மட்டும் இல்லை. 2016இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடம், உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பால்வழித் திரள் தெரிவதில்லை என்று கணக்கிட்டது. 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, 2011 முதல் 2022 வரை வானத்தின் பிரகாசம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடியதாகச் சொன்னது. அதன் பொருளை அவர்களே எளிமையாக விளக்கினார்கள். 250 விண்மீன்கள் தெரியும் ஊரில் இன்று பிறக்கும் குழந்தை, 18 வயதாகும்போது ஏறத்தாழ 100 விண்மீன்களைத்தான் அங்கே பார்க்கும்.

அந்த ஆய்வுக்கு ஆதாரம் கருவிகள் இல்லை, சாதாரண மக்களின் கண்கள். 2006 முதல் நடந்துவரும் ‘குளோப் அட் நைட்’ என்ற திட்டத்தில், தம் ஊர் வானத்தில் எத்தனை மங்கலான விண்மீன்வரை தெரிகிறது என்று மக்கள் அனுப்பிய 50,000க்கும் மேற்பட்ட பதிவுகள். அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. நம் பள்ளிகளிலிருந்து ஆண்டுக்கு ஒரு பதிவு போனாலே அந்த வரைபடத்தில் தமிழ்நாட்டின் மேல் புள்ளிகள் நிறையும்.

நம் கடற்கரைப் பள்ளிகளுக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ஆமைக் குஞ்சுகள் பொரிந்து வெளிவந்ததும், பிரகாசமாகத் தெரியும் அடிவானத்தை நோக்கி ஊர்ந்து போகும். இருட்டில் அது கடலாக இருக்கும். கரையில் விளக்குகள் எரிந்தால் குஞ்சுகள் ஊருக்குள் வந்து மடியும். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து ஆமை முட்டைகளைப் பாதுகாத்து வருகிறார்கள்.

ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்குதான் உள்ளது. காட்டின் நடுவே அதை அமைத்ததற்கு இருட்டும் ஒரு காரணம். லடாக்கில் ஹான்லே வானாய்வகத்தைச் சுற்றியுள்ள பகுதியை 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். புலிக்குக் காப்பகம் இருப்பதுபோல் இருட்டுக்கும் காப்பகம் தேவைப்படும் காலம் வந்துவிட்டது.

படம் ஒரு சான்று

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்றைய கைபேசிகள் நாம் கேட்காமலேயே படத்தைத் திருத்துகின்றன. ‘இரவு’ என்ற பிரிவில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கின்றன. சில கைபேசிகள் நிலாவைக் கண்டுகொண்டு, அதில் இல்லாத நுணுக்கத்தையும் வரைந்துவிடுகின்றன. அழகுக்கு அது சரி. ஆய்வுக்குச் சரி இல்லை. ஆகவே ஒப்பிடுவதற்கான படங்களை ‘ப்ரோ’ பிரிவில், ஒரே அமைப்பில், திருத்தம் செய்யாமல் எடுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். தேதி, நேரம், இடம், திசை, ஐஎஸ்ஓ, ஷட்டர் நேரம், மேகம் இருந்ததா, நிலா இருந்ததா. இந்த எட்டும் இல்லாத படம் வாழ்த்து அட்டைக்குத்தான் ஆகும். ஹார்வர்டு வானாய்வகத்தில் ஹென்ரியட்டா லெவிட் என்ற பெண்மணி, மற்றவர்கள் எடுத்துக் குறித்துவைத்த கண்ணாடித் தகடுகளைப் பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்து, 1908இல் 1,777 மாறொளிர் விண்மீன்களின் பட்டியலை வெளியிட்டார். விண்மீன் திரள்களின் தொலைவை அளக்கும் வழி 1912இல் அவருடைய ஆய்விலிருந்துதான் பிறந்தது. நம் கொடைக்கானல் வானாய்வகம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. தனிப் படத்துக்கு அங்கே பெரிய மதிப்பு இல்லை. தேதி போட்டு அடுக்கி வைத்ததால்தான் அது பொக்கிஷம்.

நடைமுறைக் குறிப்புகள்

மாணவர்களை இரவில் தனியாக அனுப்பவே வேண்டாம். தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலும் வாங்குங்கள். பெண் பிள்ளைகள் இருந்தால் பெண் ஆசிரியரும் தாய்மார்களும் உடன் வரட்டும். அம்மாக்கள் வந்தால் கூட்டம் தானாகவே திருவிழாவாகிவிடும். விண்மீன்களின் பழைய பெயர்களை நாம் பாட்டிகளிடம்தான் கற்க வேண்டும். புதர் இருக்கும் இடத்தைப் பகலிலேயே பார்த்துத் தவிர்த்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றினால் அந்தப் பழக்கம் கெடாது. எட்டரை மணிக்குள் முடித்துவிடுங்கள்.

வெளியே அழைத்துப் போக வாய்ப்பே இல்லாத பள்ளிகள் உண்டு. அங்கே வீட்டு மொட்டை மாடியோ வாசலோ போதும். மாணவர் ஒருவர் வாரம் ஒரு முறை, அதே நேரத்தில், அதே இடத்திலிருந்து ஒரு படம். வானவில் மன்றக் கூட்டத்தில் அதைத் திரையிட்டுப் பேசலாம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இந்தப் பயிற்சி முடிந்து ஊருக்குப் போனதும் இரண்டு படங்கள் எடுங்கள். ஒன்று, உங்கள் பள்ளிக்கு மேலே இருக்கும் வானம். மற்றொன்று, உங்கள் மாணவிகள் மாலையில் வீட்டுக்கு நடக்கும் பாதை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெளிச்சம் எங்கே வீணாகிறது, எங்கே போதவில்லை என்று அந்தப் படங்களே சொல்லும். மீதியை உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.